மலாக்காச் சாலைகளும் கைத்தொலைபேசிச் சட்டமும்

தோற்றுவாய்

திருவாரூர்த் தேர்வீதியில் சோழ இளவரசன் செலுத்திச் சென்ற தேரின் சக்கரத்தில் கன்று ஒன்று சிக்கி உயிர் நீத்த கதையை அறியாத தமிழ் மாணவர் இலர். தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்ததும், மனுநீதிச் சோழன் தன் ஒரே மைந்தனைத் தேர்க்காலில் இடத் துணிந்ததும் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைத்த செய்திகளாகும். பள்ளிகளில் இக்கதை அரசனின் நடுவுநிலைமைக்குச் சான்றாகவே கற்பிக்கப்பட்டு வருகின்றது. ஆயின், சாலை வரலாற்றின் கண்கொண்டு அதனை நோக்குவார்க்கு மற்றொரு வினாவும் எழும். இளவரசன் கன்றைக் கொல்ல எண்ணியவன் அல்லன். அது துள்ளி வந்து தேர்க்காலிடையே புகுந்ததை அவன் கண்டிலன். எண்ணாமல் நிகழ்ந்த கொலைக்கு ஊர்தியைச் செலுத்தியவன் எத்துணைப் பொறுப்பாளி? அமைச்சர் ஒரு விடை கூறினர். அரசன் வேறொரு விடை கூறினான். உலகில் இயற்றப்பட்ட சாலைச் சட்டங்கள் யாவும் இவ்வினாவுக்கு விடை காணும் முயற்சிகளே எனின் அது மிகையாகாது.

இன்று அலோர் காஜாவிலோ ஜாசினிலோ ஒரு விபத்து நிகழுமானால், வண்டியோட்டி சொல்லும் முதற்சொல் ‘காணவில்லை’ என்பதே. சோழ இளவரசன் சொல்லக்கூடிய சொல்லும் அதுவே. எனினும், காண இயலாமை வேறு, காணாதிருத்தல் வேறு. இருளும் மழையும் திடீர் வரவும் கண்ணை மறைப்பது முதல் வகை. கையிலுள்ள கருவியைக் குனிந்து பார்த்தமையால் எதிரே வந்தவரைக் காணாமற் போவது இரண்டாம் வகை. இவ்விரண்டிற்கும் இடையே கோடு வகுக்கச் சட்டம் எடுத்துக்கொண்ட காலம் மிக நீண்டது. அந்நெடிய வரலாறு மலாக்கா மண்ணில் எவ்வாறு அமைந்தது என்பதும், தோட்டத்திலும் நகரிலும் வாழ்ந்த தமிழர்க்கு அதனால் விளைந்தது யாது என்பதும் ஈண்டு ஆராயத்தக்கன.

மாட்டுவண்டிக் காலம்

1824ஆம் ஆண்டின் ஆங்கில - டச்சு உடன்படிக்கைக்குப் பின்னர் மலாக்கா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1826இல் பினாங்கு, சிங்கப்பூர் ஆகியவற்றோடு இணைக்கப்பட்டு நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றாயிற்று. 1867ஆம் ஆண்டு வரை இக்குடியேற்றங்கள் இந்திய ஆட்சியின் கீழேயே இருந்தன. ஆதலின் இந்நாட்டுச் சட்டங்களின் வேர்கள் பல இந்திய மண்ணில் இருப்பதில் வியப்பில்லை.

மெக்காலே தலைமையிலான குழு வரைந்து 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279ஆம் பிரிவு, பொதுவழியில் மனித உயிருக்கு ஊறு விளையுமாறு கண்மூடித்தனமாகவோ கவனக் குறைவாகவோ ஊர்தி செலுத்துவதையும் விலங்கேறிச் செல்வதையும் குற்றமாக்கியது. அச்சட்டத்தைத் தழுவி 1871இல் நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டு, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. மலாக்காத் தெருக்களில் மோட்டார் வண்டியின் ஓசை கேட்பதற்குப் பல்லாண்டுகட்கு முன்னரே, ‘கவனக் குறைவு’ என்பது இங்குத் தண்டனைக்குரிய குற்றமாகிவிட்டது. அன்று அது மாட்டுவண்டிக்காரனையும் குதிரை வண்டிக்காரனையும் நோக்கி எழுதப்பட்ட விதியாகும். மலேசியத் தண்டனைச் சட்டத்தில் அதே எண்ணோடு அப்பிரிவு இன்றும் உள்ளமை நோக்குதற்குரியது.

மலாக்காவின் மாட்டுவண்டி பெயர் பெற்றது. வளைந்த கூரையும் நீண்ட கொம்புடைய காளைகளும் கொண்ட அவ்வண்டி, பிற்காலத்தில் சுற்றுலாச் சின்னமாகவே ஆயிற்று. நகரிலும் தோட்டங்களிலும் மாட்டுவண்டி ஓட்டியவர்களுள் தமிழரும் இருந்தனர். அவ்வண்டியின் வேகம் மனிதனின் நடைவேகத்தை ஒத்தது. வண்டிக்காரன் கண்ணயர்ந்தாலும் காளை வழியறிந்து வீடு சேரும். மாட்டின் கழுத்து மணி, எதிரே வருவோரை விலகச் சொல்லும். ஓட்டுபவனின் கவனம் சிதறினும், அதனை ஈடுசெய்ய மற்றோர் உயிரின் கவனம் அவ்வண்டியில் பூட்டப்பட்டிருந்தது. இயந்திர வண்டியில் அவ்வீடு இல்லை. இவ்வேறுபாட்டை உணராதார்க்குச் சாலைச் சட்ட வரலாறு விளங்காது.

இரும்புப்பாதை போயிற்று, சாலை நின்றது

1896இல் தான் சே யான் என்னும் சீனப் பெருந்தகை புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். மலாயாவின் வாணிக ரப்பர்ப் பயிர் அங்குத் தொடங்கியது என்பர் வரலாற்றாசிரியர். பின்னர்ப் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் உருவாயிற்று. காடு அழிந்து தோட்டம் பெருகியது. தமிழகத்திலிருந்து கங்காணிமார் வழியாகத் தொழிலாளர் வந்து குவிந்தனர். ஜாசின், மெர்லிமாவ், டுரியான் துங்கால், அலோர் காஜா, புலாவ் செபாங் முதலிய ஊர்களைச் சுற்றித் தமிழர் லயங்கள் எழுந்தன. கோயிலும் கள்ளுக்கடையும் தமிழ்ப்பள்ளியும் அவற்றைத் தொடர்ந்தன.

ரப்பரை ஏற்றிச் செல்ல வழி வேண்டும் அன்றோ? 1905இல் தம்பினிலிருந்து மலாக்கா நகருக்குக் கிளை இரும்புப்பாதை திறக்கப்பட்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அது மக்களையும் சரக்குகளையும் சுமந்தது. இரண்டாம் உலகப் போரில் நாட்டைக் கைப்பற்றிய ஜப்பானியர், அத்தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துச் சயாம் - பர்மா மரண இரயில் பாதைக்குக் கொண்டு சென்றனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து அப்பாதையை அமைக்கக் கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அக்காட்டிலேயே மாண்டனர். மக்களும் போயினர், அவர்கள் பயணம் செய்த தண்டவாளமும் போயிற்று.

போர் முடிந்த பின்னும் அக்கிளைப்பாதை மீண்டும் போடப்படவில்லை. மலாக்கா மாநிலத்திற்கு இன்றும் புலாவ் செபாங் - தம்பின் நிலையமே இரயில் வாயில். ஆதலின், மலாக்காவின் நகர வாழ்க்கை முற்றும் சாலையை நம்பியதாயிற்று. தோட்டத்துத் தமிழன் மருத்துவமனைக்குச் செல்வதும், நகரத்துக் கடைக்கு வருவதும், சன்னாசிமலைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போவதும் பேருந்திலோ லாரியிலோ மிதிவண்டியிலோதான். சாலை விபத்து என்னும் சொல் அவன் வாழ்வில் புகுந்த வழி இதுவேயாகும்.

மூன்று ஆட்சிகளுக்கிடையே ஒரு மாநிலம்

1865இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சட்டமொன்று, இயந்திர வண்டிக்கு முன்னே செங்கொடி ஏந்திய ஒருவன் நடந்து செல்ல வேண்டும் என விதித்தது. 1896இல் அக்கட்டுப்பாடு நீங்கியது. அதே 1896இல்தான் சிங்கப்பூரில் முதல் மோட்டார் கார் வந்திறங்கியது. நீரிணைக் குடியேற்றங்களில் 1911இல் இழுவை இயந்திரங்களுக்கும் மோட்டார் கார்களுக்கும் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. வண்டிக்குப் பதிவும் ஓட்டுநர்க்கு உரிமமும் என்னும் முறை இவ்வாறு நிலைபெறலாயிற்று.

மலாக்காவின் நிலை இதில் தனித்தன்மை வாய்ந்தது. அது நேரடி ஆங்கிலக் குடியேற்றம். லிங்கி ஆற்றைக் கடந்தால் நெகிரி செம்பிலான். அது கூட்டு மலாய் மாநிலங்களுள் ஒன்று. கீசாங் ஆற்றைக் கடந்தால் ஜொகூர். அது கூட்டில் சேராத மாநிலம். மூன்றிற்கும் சட்டம் வேறு. சட்டமியற்றும் மன்றமும் வேறு. மலாக்காவிலிருந்து ரப்பர் ஏற்றிக்கொண்டு தம்பினுக்குச் சென்ற லாரி ஓட்டுநர் ஒரே நாளில் இரு சட்டங்களின் கீழ் வண்டி ஓட்டினார். இந்நிலை மாறத் தொடங்கியது போருக்குப் பின்னரே. 1946இல் மலாக்கா மலாயன் யூனியனில் சேர்ந்தது. அவ்வாண்டிலேயே மோட்டார் வாகனப் பதிவுக்கும் சோதனைக்குமான இலாகா தோன்றியது. இன்றைய சாலைப் போக்குவரத்து இலாகாவின் மூலம் அதுவே.

விடுதலைக்குப் பின், 1958இல், மலாயாக் கூட்டரசு முழுமைக்குமான சாலைப் போக்குவரத்துச் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டு அதன் கீழ்ச் சாலைப் போக்குவரத்து விதிகள் வெளியாயின. 166/59 என்னும் எண் பெற்ற அவ்விதிநூலே இக்கட்டுரையின் நடுநாயகமாகும். 1987இல் இன்றைய சாலைப் போக்குவரத்துச் சட்டம், அதாவது 333ஆம் சட்டம், பழைய 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. தாய்ச்சட்டம் மாறினும் 1959ஆம் ஆண்டு விதிகள் மறையவில்லை. புதிய சட்டத்தின் கீழும் அவை உயிர்வாழ்கின்றன.

தொலைபேசி வண்டியேறிய வரலாறு

கைத்தொலைபேசி முதலிற் கைக்கு வந்து, பின்னர் வண்டிக்குள் நுழைந்தது என்று பலர் கருதுவர். உண்மை அதற்கு மாறானது. 1946இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் தொடங்கப்பட்ட நடமாடும் தொலைபேசிச் சேவை வண்டிகளுக்கானதே. கருவியின் எடையையும் அது வேண்டிய மின்னாற்றலையும் மனிதனால் சுமக்க இயலாமையால் வண்டி அதனைச் சுமந்தது. கையிலேந்திப் பேசும் கருவியைக் கொண்டு முதல் அழைப்பு நியூயார்க்கில் விடுக்கப்பட்டது 1973ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள். மலேசியாவில் 1985இல் தொலைத்தொடர்பு இலாகா தொடங்கிய ‘அத்தூர் 450’ என்னும் சேவையும் பெரும்பாலும் வண்டியிற் பொருத்தும் தொலைபேசியையே நம்பியது. எனவே, ஓட்டுதலும் பேசுதலும் ஒருங்கே நிகழ்வது இடையில் வந்த தீப்பழக்கம் அன்று. நடமாடும் தொலைபேசி அக்கூட்டிலேயே பிறந்தது. தீமையை வேரிலேயே கிள்ளுதல் ஏன் அரிதாயிற்று என்பதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும்.

1987ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்ட வேளையில் இக்கருவி செல்வர் சிலரின் கார்களில் மட்டுமே இருந்தது. ஆதலின், அச்சட்டத்தின் தலையாய பிரிவுகள் எக்கருவியையும் பெயர் சுட்டிக் கூறவில்லை. 41ஆம் பிரிவு, ஆபத்தாக ஓட்டி உயிர்ச்சேதம் விளைத்தலைக் கூறும். 42ஆம் பிரிவு, ஆபத்தாக ஓட்டுதலைக் கூறும். 43ஆம் பிரிவு, கவனமின்றியும் பிறரைக் கருதாமலும் ஓட்டுதலைக் கூறும். 1990களில் எண்முறைத் தொலைபேசிச் சேவைகள் பெருகி, கருவியின் விலை தாழ்ந்து, கிராணியின் மேசையிலிருந்து தொழிலாளியின் சட்டைப்பைக்கு அது இறங்கிவந்தது. குறுஞ்செய்தியும் பின்னர்த் திறன்பேசியும் வந்தபின் நிலைமை முற்றும் மாறிற்று. காது மட்டுமன்றிக் கண்ணும் விரலும் கருவிக்கு அடிமையாயின.

17ஏ என்னும் இடைச்செருகல்

பழந்தமிழ் நூல்களை ஆராய்வோர் இடைச்செருகல் என்னும் சொல்லை நன்கு அறிவர். பிற்காலத்தார் புகுத்திய பாடலை நடையாலும் சொல்லாலும் இனங்காண அவர்கள் அரும்பாடுபடுவர். சட்ட நூலிலும் இடைச்செருகல் உண்டு. ஆனால், அது தன்னை மறைப்பதில்லை. 1959ஆம் ஆண்டு விதிநூலில் 17ஆம் விதிக்கும் 18ஆம் விதிக்கும் இடையே 17ஏ என்று ஒரு விதி நிற்கின்றது. அதனோடு ஒட்டிய எழுத்தே அது பின்னர் வந்தது என்பதை அறிவித்துவிடும். வண்டி ஓட்டும்போது கைத்தொலைபேசியைக் கையிற் பிடித்துப் பயன்படுத்துதல் குற்றம் என்பதே அதன் சாரம். மாட்டுவண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்த காலத்து விதிநூலுக்குள், அந்நாள் எவரும் கனவிலும் கருதாத கருவி ஒன்று இவ்வாறு இடம்பெற்றது.

இவ்விதி காரோட்டிக்கும் லாரியோட்டிக்கும் மட்டுமன்றி மோட்டார் சைக்கிளோட்டிக்கும் உரியது. சம்மன் பெற்றவர் 300 ரிங்கிட் வரை அபராதம் செலுத்த நேரும். வழக்கு நீதிமன்றம் செல்லுமாயின் தண்டனை அதனினும் கூடும். கருவியால் கவனம் சிதறி உயிர்ச்சேதம் விளைந்து, அது ஆபத்தான ஓட்டுதல் என மெய்ப்பிக்கப்படுமானால், சிறுவிதி விலகிப் பெருஞ்சட்டம் முன்வரும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 41ஆம் பிரிவுக் குற்றத்திற்கு 5 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை சிறையும், 20,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமும் உண்டு. முந்நூறு ரிங்கிட்டுக்கும் பத்தாண்டுச் சிறைக்கும் இடையே உள்ள தொலைவு, சாலையில் ஒரு நொடியே என்பதை மாணவர் உணர்தல் வேண்டும்.

இங்ஙனம் துன்பம் கண்டபின் விதி செய்தல் சாலைச் சட்டத்தின் இயல்பு. 1973இல் மோட்டார் சைக்கிளோட்டிகட்குத் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. 1979இல் முன்னிருக்கையில் அமர்வோர்க்கு இருக்கை வார் கட்டாயமாயிற்று. பின்னிருக்கைக்கு அவ்விதி வர 2009 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தலைக்கவசமும் இருக்கை வாரும் அணிபவரைக் காப்பன. கைத்தொலைபேசி விதியோ முதன்மையாகப் பிறரைக் காப்பது. முன்னவற்றை மீறுபவன் தன்னுயிரைப் பணயம் வைக்கின்றான். பின்னதை மீறுபவன் அயலான் உயிரையும் கேளாமலே எடுத்துப் பணயம் வைக்கின்றான். அறநூல் நோக்கில் இவ்விரண்டும் ஒரு தட்டில் நிற்பன அல்ல.

கையா, கருத்தா?

சட்டம் கையைத் தடுத்தது. குற்றம் கையிலா இருக்கின்றது? 1997இல் கனடாவின் டொரோண்டோ நகரில் ரெடல்மையர், டிப்ஷிரானி என்னும் ஆய்வாளர் இருவர், கைத்தொலைபேசி உடையவராய் விபத்துக்குள்ளான 699 ஓட்டுநர்களின் அழைப்புக் குறிப்புகளை ஆராய்ந்தனர். பேசிக்கொண்டு ஓட்டும்போது விபத்து நேரும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல் மிகுவதாகக் கண்டனர். கையிற் பிடியாமற் பேசும் கருவி, பிடித்துப் பேசும் கருவியைவிடப் பாதுகாப்பானது என்பதற்கு அவ்வாய்வில் சான்று கிட்டவில்லை. உலகச் சுகாதார நிறுவனமும் ஏறத்தாழ அந்நான்கு மடங்கு என்னும் மதிப்பீட்டையே எடுத்தாளுகின்றது. ஒரு கை விடுபடுவதனால் மட்டும் விபத்து நிகழ்வதில்லை. கருத்து விடுபடுவதனால் நிகழ்கின்றது என்பது இதனாற் பெறப்படும்.

பிற நாட்டுச் சட்டங்களும் இச்சிக்கலில் இடறியே நடந்துள்ளன. பிரிட்டனில் 2003ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் கைத்தொலைபேசித் தடை நடைமுறைக்கு வந்தது. அது செய்தித் தொடர்புக்குப் பயன்படுத்துவதைத் தடுத்தது. 2019இல் ஓட்டுநர் ஒருவர், தாம் கருவியைப் படம் பிடிக்கவே பயன்படுத்தியதாகக் கூற, அது அச்சட்டத்தின் சொல்லுக்குள் அடங்காது என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் சொல்லை விரித்தெழுதியது 2022ஆம் ஆண்டில்தான். சிங்கப்பூர் 2015இல் தன் சட்டத்தைத் திருத்தி, தொலைபேசியோடு பிற கையடக்கக் கருவிகளையும் அதில் அடக்கியது. இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில், கையிலேந்தும் தொடர்புக் கருவி வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால். ஆக, கருவி ஓடுகின்றது. சட்டம் பின்னே நடக்கின்றது. நூற்பா இயற்றுவோர்க்கு உரிய துன்பம் இது. சொல்லைச் சுருக்கினால் பொருள் நழுவும். விரித்தால் குற்றமற்றவனும் அதிற் சிக்குவான்.

எனினும், கையைத் தடுக்கும் சட்டம் பயனற்றது எனல் தவறு. கருத்தைக் காவலர் காண இயலாது, கையைக் காணலாம். கண்ணுக்குப் புலனாகும் ஒன்றைக் குற்றமாக்கினாலன்றிச் சட்டத்தை நடத்துதல் அரிது. ஆதலின், 17ஏ விதி கவனமின்மை என்னும் பெருங்குற்றத்தின் புறத்தே தெரியும் ஓர் அடையாளத்தையே பற்றியிருக்கின்றது. அதனைக் கடைப்பிடித்தலே முழுக்கடமையும் ஆகிவிட்டதெனக் கொள்வோர், வேலியைக் கண்டு வயலை மறந்தவர் ஆவர்.

இதனைக் கணக்கால் விளக்குதலும் பொருத்தமே. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கும். ஒரு செய்தியைப் படிக்க நான்கு நொடி தலை குனிந்தால் வண்டி 100 மீட்டர் சென்றுவிடும். பள்ளி விளையாட்டுப் போட்டியில் மாணவர் ஓடும் நூறு மீட்டர்ப் பாதை முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு கடப்பதற்கு அது நிகராகும். மாட்டுவண்டிக்காரன் நான்கு நொடி கண்ணயர்ந்தால் வண்டி ஐந்தாறு அடிகளே நகர்ந்திருக்கும். கவனக் குறைவு அன்றும் இன்றும் ஒன்றே; அதன் விலை வேறு.

தோட்டம் துறந்தோரும் சாலையும்

மலாக்காத் தமிழரின் வாழ்வில் இச்சட்டத்திற்குத் தனியிடம் உண்டு. 1970களில் பத்து பிரண்டாம் முதலிய இடங்களில் தொழிற்சாலைகள் எழுந்தன. ரப்பர் நிலங்கள் செம்பனையாயின; பின்னர் அவற்றுட் சில வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. லயங்களில் வாழ்ந்தோர் சிறுகச் சிறுக நகர்ப்புறம் பெயர்ந்தனர். தோட்டத்தில் வாழ்ந்தவனுக்கு வேலைக்காடு நடக்கும் தொலைவில் இருந்தது. பெரட்டுக்கு மணியடித்தால் எழுந்து போகலாம். நகருக்குப் பெயர்ந்தவனுக்கோ வேலை பல கல் தொலைவில். இரவு வேலை, பகல் வேலை என்னும் முறைமாற்றமும் உண்டு. மோட்டார் சைக்கிள் இன்றி அவன் வாழ்வு இயங்காது. தந்தை பால்வாளி சுமந்து நடந்த இடத்தில் மகன் லாரி ஓட்டுகின்றான். பேரன் உணவுப் பொட்டலம் சுமந்து மோட்டார் சைக்கிளில் விரைகின்றான். 1994இல் முழுமை பெற்ற வடக்கு - தெற்கு நெடுஞ்சாலை சிம்பாங் அம்பாட், ஆயர் குரோ, ஜாசின் வழியே மாநிலத்தை ஊடறுத்துச் சென்றபின் வேகமும் தொலைவும் மேலும் மிகுந்தன.

2016இல் மலேசியச் சாலைகளில் மாண்டவர் 7,152 பேர். 2019இல் அத்தொகை 6,167. மாண்டோருள் நூற்றுக்கு அறுபதின்மருக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அவ்விறப்புகள் யாவும் கைத்தொலைபேசியால் நேர்ந்தவை அல்ல. ஆயினும், இரு சக்கரத்தில் செல்பவனுக்குச் சுற்றிலும் இரும்புக்கூடு இல்லை. பிறர் கவனமே அவனுக்குக் கவசம். காரோட்டியின் ஒரு கணப் பிழை காருக்குக் கீறலாக முடியும். மோட்டார் சைக்கிளோட்டிக்கு உயிராக முடியும். ஆகவே, வறியவர் உயிரைக் காக்கும் சட்டங்களுள் இதுவும் ஒன்று எனக் கூறுதல் பொருந்தும்.

ஏன் தொழிலாளியே இவ்விதியை மீறுகின்றான் என்னும் வினாவுக்கு அவன் வரலாற்றிலேயே விடை உண்டு. தோட்டக் காலத்தில் தொலைபேசி துரை பங்களாவிலும் ஆபீசிலும் மட்டுமே இருந்தது. லயத்து மனிதனுக்குச் செய்தி வருவது அரிது. வந்தால் அது பெரும்பாலும் சாவுச்செய்தி அல்லது நோய்ச்செய்தி. தந்தி வந்தது என்றாலே பெண்கள் அழத் தொடங்கிய காலம் அது. அத்தகைய வாழ்விலிருந்து வந்தவர்க்கு மணி ஒலித்தால் எடுத்தே ஆகவேண்டும் என்னும் பதைப்பு எளிதில் நீங்குவதில்லை. அதனோடு புதிய நெருக்கடியும் சேர்ந்தது. லாரி எங்கே வந்துகொண்டிருக்கின்றது என முதலாளி கேட்பார். உணவு எப்போது வரும் என வாடிக்கையாளர் கேட்பார். இன்னும் ஏன் வரவில்லை என மனைவி கேட்பாள். தலைக்கவசத்திற்கும் காதுக்கும் இடையே கருவியைச் செருகிக்கொண்டு பேசிச் செல்லும் இளைஞன் சட்டத்தை இகழ்பவன் அல்லன். அழைத்தவரை மறுக்க அஞ்சுபவன். சம்மன் அவன் பெயருக்கு வருகின்றது. அழைத்தவர் பெயர் அதில் இல்லை. சட்டம் எட்டாத இடம் இது. இங்கே கல்வியும் ஒழுக்கமும்தாம் எட்ட வேண்டும்.

ஆசிரியர் கடன்

இக்குறையை நிறைவு செய்யும் பொறுப்பு பள்ளிகளுக்கு உண்டு. ‘சாலையில் கவனம்’ எனக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுவதால் அக்கடன் தீராது. சாலையில் இருப்பவரை அழையாமை என்னும் புதிய பண்பாட்டைப் பிள்ளைகள் வழியே வீடுகளிற் புகுத்துதல் வேண்டும். தந்தை வண்டியோட்டும் நேரத்தில் அழைப்பு மணி ஒலித்தால், பின்னாலிருக்கும் பிள்ளை ‘வண்டியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள் அப்பா’ என்று சொல்லும் துணிவு பெறவேண்டும். பள்ளி வேன் ஓட்டுபவருக்கு, அவர் பிள்ளைகளை ஏற்றிவரும் வேளையில் பள்ளியிலிருந்தே செய்தி அனுப்பும் வழக்கம் இருக்குமாயின் அது முதலில் ஒழிய வேண்டும். அறிவுரை கூறுவோர் அழைப்பவராகவும் இருத்தல் முரண்.

முடிவுரை

அகநானூற்றின் நான்காம் பாடலில் குறுங்குடி மருதனார் ஒரு தலைவனைக் காட்டுகின்றார். பிரிந்து சென்ற அவன் கார்காலத்தில் மனைவியைக் காண விரைந்து மீள்கின்றான். அவ்விரைவிலும், வழியிடைப் பூக்களில் தேனுண்ணும் வண்டுகள் தேர்மணியின் ஓசைக்கு அஞ்சிக் கலையலாகாது எனக் கருதி, அம்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகின்றான். வீட்டில் காத்திருப்பவளை நினைந்த நெஞ்சு வழியில் இருக்கும் சிற்றுயிரையும் நினைந்தது. அந்நாளில் அதற்குச் சட்டம் இல்லை, சம்மனும் இல்லை.

மனுநீதிச் சோழன் கட்டிய மணி, தீங்கு நேர்ந்தபின் ஒலித்தது. முல்லைநிலத் தலைவன் நாவைக் கட்டிய மணி, தீங்கு நேராவண்ணம் அடங்கியது. முன்னது சட்டத்தின் மணி. பின்னது அன்பின் மணி. 1871ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் தொடங்கி 17ஏ விதி ஈறாக எழுதப்பட்டவை யாவும் முன்னதன் வழியில் வந்தவை. அவை வேண்டியனவே, ஆயினும், கன்று இறந்தபின் வழங்கிய நீதி, எத்துணை உயர்ந்ததாயினும், தாய்ப்பசுவின் துயரத்திற்குப் பின்னரே வந்தது. மலாக்காச் சாலைகளில் வண்டியேறும் தமிழ் மக்கள், புறப்படும் முன்னரே தம் கைத்தொலைபேசியின் மணிக்கு நாக் கட்டுவாராயின், ஆராய்ச்சி மணி ஒலிக்க வேண்டிய தேவை குறையும்.